முழு வருகை

பேருந்து நிலையத்து மாடியில், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்வதுதான் அவளுடைய வேலை. இருபத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே மைக். முகத்தைப் பார்த்தால் அவளை யாருக்கும் தெரியாது. குரலைக் கேட்டால் தெரியாத ஆள் இல்லை. காய்கறிக் கடையில் நின்று "அரைக் கிலோ தக்காளி" என்று சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டதோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. ஐம்பத்து மூன்று வயதாகியும் கூடப் படித்தவர்களுக்கு அவள் ரேடியோதான்.

அந்த ரேடியோ இந்த வாரம் முழுக்கத் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மேடையில் நின்ற வண்டியை ஏழாம் மேடை என்று சொல்லி, மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டத்தையே அலையவிட்டாள். மேலாளர் படியேறி வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு போட்டுக்கோயேன்" என்று கேட்டுவிட்டுப் போனார். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. கைப்பேசியில் வந்த ஒரு செய்திதான் அவளை இப்படி உளறவைத்துக்கொண்டிருந்தது.

அனுப்பியவள் லீடர். பத்தாம் வகுப்பில் வகுப்புத் தலைவியாக இருந்தவள். அந்தப் பதவியை இன்றுவரை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. வருடா வருடம் பழைய தோழிகளைக் கூட்டிச் சந்திப்பு நடத்துவதும் அவள்தான், வந்தவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுவதும் அவள்தான்.

"பொண்ணுங்களா, சனிக்கிழமைக்கு ஒரு சர்ப்ரைஸ்! நம்ம ஸ்கூல்ல பழைய சாமான் அறையைக் காலி பண்றாங்க. நம்ம பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேடு கிடைச்சிருக்கு. டீச்சர் கையெழுத்தோட! நான் நம்பர் கூப்பிடுவேன், எல்லாரும் எழுந்து நின்னு 'உள்ளேன்' சொல்லணும். முட்டி வலின்னு யாரும் சாக்கு சொல்லக் கூடாது."

அதற்குக் கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள். அதற்கும் கீழே, இந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு எழுத்தும் எழுதாத, ஒரு சந்திப்புக்கும் வராத குருவி எழுதியிருந்தாள்: "நானும் வரேன்."

அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் ரேடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் முப்பத்தெட்டு வருடம் பின்னால் போக வேண்டும். போய்விட்டு வந்துவிடுவோம்.

குருவியும் ரேடியோவும் ஒரே பெஞ்சு. வகுப்பின் கடைசியில், ஒரு தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பெஞ்சு. குருவிக்கு எண் இருபத்தெட்டு, ரேடியோவுக்கு இருபத்தொன்பது. கணக்கு டீச்சர்தான் வகுப்பாசிரியர். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எண்தான். பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவும் மாட்டார். குரல் வந்தால் ஒரு சாய்வுக் கோடு, வராவிட்டால் ஒரு வட்டம். இப்படி ஒரு டீச்சரையும், யார் குரலில் வேண்டுமானாலும் பேசத் தெரிந்த ஒரு பெண்ணையும் ஒரே அறையில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? ஆனது. தாமதமாக வருகிறவளுக்கெல்லாம் ரேடியோதான் குரல் கொடுப்பாள். குருவியின் குரல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கீச்சென்று தொடங்கி, டீச்சர் என்ற சொல்லின் வாலை விழுங்கிவிடுகிற குரல். "உள்ளேன் டீச்ச." பக்கத்தில் இருக்கும் குருவியே சில நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வாரம் முழுக்க ஒருத்திகூட லீவு போடாத வகுப்புக்கு, வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் விளையாட்டு. அந்த வருடம் அதுவரை இவர்கள் வகுப்புக்கு அது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. யாருக்காவது காய்ச்சல் வந்து தொலைத்துவிடும். ஒரு வாரம் மட்டும் திங்களிலிருந்து வியாழன்வரை நாற்பத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை டீச்சர் எண் கூப்பிடுகிறார், இருபத்தேழு ஆயிற்று, பக்கத்தில் இடம் காலி. தாமதமாக வருவாள் என்று நினைத்து ரேடியோ குரல் கொடுத்தாள். கோடு விழுந்தது. முழு வருகை.

குருவி தாமதமாகவும் வரவில்லை. குறுக்கு வழியில் சைக்கிளில் வந்தவள், காய்ந்து கிடந்த கால்வாயின் சிறு பாலத்திலிருந்து சைக்கிளோடு சறுக்கிக் கீழே விழுந்து, தொடை எலும்பு முறிந்து புதருக்குள் கிடந்தாள். தூர் வார வந்த ஆட்கள் மாலை ஐந்து மணிக்கு அவளைப் பார்த்துத் தூக்கினார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்துவரை. டாக்டர்கள் காலைக் காப்பாற்றினார்கள். ஆனால் அது மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றும் சொன்னார்கள்.

கால் குட்டையானதுகூடப் பெரிதில்லை. பதினொரு மணிக்கு குருவியின் அம்மா பள்ளிக்கு வந்திருந்தாள். மகள் எடுக்காமல் போன கணக்கு நோட்டைக் கொடுக்க வந்தவள், சைக்கிள் நிறுத்துமிடத்தில் மகளின் சைக்கிளைக் காணாமல் அலுவலகத்தில் விசாரித்தாள். அங்கே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்க பொண்ணு வகுப்புலதான் இருக்கா, போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மாலை மகள் கால்வாயில் கிடைத்தபோது அம்மாவின் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகை கொடுத்திருக்கிறாள், பிறகு யாருக்கும் தெரியாமல் வெளியே வந்திருக்கிறாள். பதினைந்து வயதுப் பெண் எதற்கு வெளியே வருவாள்? எவனோடு போனாள்?

"நான் ஸ்கூலுக்கே போகலம்மா. போற வழியிலதான் விழுந்தேன். டப்பாவைப் பாரு, சாப்பாடு அப்படியே இருக்கு" என்று குருவி அழுதாள். "வெளிய தின்னுருப்ப" என்றாள் அம்மா. பதிவேடு பொய் சொல்லுமா?

அதோடு படிப்பு நின்றது. பரீட்சை எழுதவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டொரு இடங்களும் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. குருவி தையல் கற்றுக்கொண்டாள். இப்போது வீட்டின் முன்னறையில் 'ஜிப் மாற்றித் தரப்படும், பேண்ட் உயரம் குறைத்துத் தரப்படும்' என்று பலகை மாட்டிக் கடை வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணில் பூ விழுந்துவிட்டது, புத்தி மட்டும் கத்தி மாதிரி. சோறு போடும் மகளிடம், வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்: "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி. அன்னைக்கு எங்க போன? அதை மட்டும் சொல்லிடு, நான் நிம்மதியாக் கண்ணை மூடறேன்."

ரேடியோ எங்கே இருந்தாள் என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கிய வழக்கம். கல்யாணம் ஆனபிறகும், பிள்ளைகள் பிறந்தபிறகும் நிற்கவில்லை. அவள் வீட்டுக்காரர்கூட, "உனக்கு ரெண்டு புகுந்த வீடுடி. என்னது சின்ன வீடு" என்று கிண்டல் செய்வார். அவளுடைய குடை ஒன்று குருவி வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிரந்தரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டன் தைப்பாள், அம்மாவுக்கு நகம் வெட்டுவாள், மருந்து வாங்கி வருவாள். அம்மா அவளைப் பற்றி அக்கம்பக்கத்தில், "என் வயித்துல பொறக்காத பொண்ணு" என்று சொல்லிக்கொள்வாள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் ரேடியோவுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் குருவி அவளிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "கீழ கெடந்தப்ப பாலத்து மேல யாரோ நடந்து போற சத்தம் கேட்டுச்சுடி. செருப்புச் சத்தம். ஒரு தடவை போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. கத்தினேன். தொண்டையில சத்தமே வரல." அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் குரலை நான்தான் எடுத்துக்கொண்டேன் என்று அப்போதே அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், கட்டுப் பிரித்ததும் சொல்லலாம், அவள் நடக்க ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே தலை நரைத்துவிட்டது.

இப்போது குருவியே கூப்பிட்டாள். செய்தி வந்த அன்று சாயங்காலம், குரலில் இத்தனை வருடத்தில் கேட்காத ஒரு துள்ளல்.

"ரேடியோ, பாத்தியாடி? அந்தப் பதிவேடு இருக்காம்!"

"ம், பாத்தேன்."

"அதுல அன்னைக்கு எனக்கு வட்டம்தான் போட்டிருக்கும். நீ குரல் குடுத்திருந்தா என்கிட்ட சொல்லாமயா இருந்திருப்ப? ஆபீஸ்ல எவனோ வேற வரியைப் பாத்து உளறியிருக்கான். அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து, பெருசாக்கி, அம்மா கண்ணு முன்னாடி பிடிக்கப் போறேன். இன்னும் எத்தனை நாள் இருப்பாளோ. அவ போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை 'நீ பொய் சொல்லலடி'ன்னு சொல்லிட்டாப் போதும். என்ன, பேச்சையே காணோம்?"

"தொண்டை கட்டியிருக்கு" என்றாள் ரேடியோ.

சனிக்கிழமை காலை, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ரேடியோ அந்த ஹாலுக்குப் போய்விட்டாள். கேக் கடைக்கு மேலே, நாற்பது நாற்காலி போடக்கூடிய ஹால். லீடர் நாற்காலி மேல் ஏறிச் சுவரில் பழைய புகைப்படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி, நல்ல நேரத்துல வந்த. மேஜையில சீட்டு இருக்கு, எல்லாருக்கும் பட்டப்பேரை எழுதி வை. யாரும் சொந்தப் பேரைக் குத்திக்கக் கூடாது."

சீட்டுகளுக்குப் பக்கத்தில் பதிவேடு இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, பழுப்பேறி, இவ்வளவுதானா என்று கேட்கிற மாதிரி மெலிந்து கிடந்தது. லீடர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ரேடியோ பக்கங்களைப் புரட்டினாள். அந்த மாதம், அந்த வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டு. சாய்வுக் கோடு.

அவள் கையில் பேனா இருந்தது. அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். அரை நொடி வேலை. குருவி கேட்ட வட்டம் கிடைத்துவிடும், அம்மா நிம்மதியாகப் போவாள், ஞாயிற்றுக்கிழமைகள் ஞாயிற்றுக்கிழமைகளாகவே இருக்கும். அப்படிப் போட்டாலும் அது பொய்யும் இல்லையே! பேனா முனை தாளைத் தொட்டும்விட்டது. அப்போதுதான் கீழே பார்த்தாள். டீச்சர் சிவப்பு மையில், தன் வட்டமான எழுத்தில், 'வருகை 42. முழு வருகை' என்று எழுதி, அந்த வாரத்தின் மேல் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார். ஒரு வட்டத்தால் அந்த நட்சத்திரத்தை அழிக்க முடியாது. அவள் பேனாவை மூடினாள். பிறகு ஒழுங்குப் பெண்ணாக உட்கார்ந்து முப்பத்தாறு பட்டப்பேர்களை எழுதினாள்.

பத்து மணிக்கெல்லாம் ஹால் சந்தைக்கடையாகிவிட்டது. பாட்டிகளானவர்கள் ஒருத்தியை ஒருத்தி 'வாடி போடி' என்று கூப்பிட்டுக்கொண்டு கட்டிப்பிடித்தார்கள். பல் டாக்டர் ஆனவள், சிரிக்கிற எல்லோரிடமும் "ஒரு நாள் கிளினிக் பக்கம் வாடி" என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். அந்த இரைச்சலுக்கு நடுவே குருவி வந்தாள். ஒரு பக்கம் கனத்த அடி வைத்த செருப்பு, ஒரு பக்கம் சாதாரணம். மாடிப்படியில் மூச்சு வாங்கியிருந்தது. இஸ்திரி போட்ட நீல உடை, இதற்காகவே தைத்திருப்பாள். எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கூட்டத்தைத் தாண்டி ரேடியோவைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "கை ஏன்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டாள்.

லீடர் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, டீச்சர் மாதிரியே தலையை நிமிர்த்தாமல் எண்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். சிரிப்பு, கைதட்டல். ஒன்பதாம் எண் இறந்து நான்கு வருடம். அந்த எண்ணைக் கூப்பிட்டதும் ஹால் அமைதியாகி, பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் சேர்ந்து "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்படியே இருபத்தேழு வந்து போயிற்று.

"இருபத்தெட்டு."

குருவி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உள்ளேன் டீச்ச" என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் உட்காரவில்லை. "லீடரு, அந்தப் பதிவேட்டை ஒரு நிமிஷம் குடேன். ஒரு பக்கம் பாக்கணும்" என்றாள். கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தாள்.

பக்கத்தைக் கண்டுபிடித்தாள். விரலை வரிசையோடு நகர்த்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். விரல் அங்கேயே இருந்தது.

எட்டிப் பார்த்த லீடருக்கு ஒரே குஷி. "ஏய், நட்சத்திரம் பாருங்கடி! நமக்கு விளையாட்டு மணி கெடைச்ச வாரம்! அந்த வருஷத்துலயே ஒரே ஒரு தடவை!"

"கோடு போட்டிருக்கு" என்றாள் குருவி. ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "அப்ப நான் வந்திருந்தேனாடி? தலையிலயும் அடிதானே பட்டுச்சு. எனக்குத்தான் ஞாபகம் பெசகிப் போச்சு போல. அம்மா சொன்னதுதான் நெசமா? அவளைப் போய் இத்தனை வருஷம், நம்பலையே நம்பலையேன்னு..."

அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அதை ரேடியோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தாள். டீச்சரின் கரகரப்பில், "இருபத்தெட்டு" என்றாள். பிறகு பதினைந்து வயதுக் குருவியின் குரலில், கீச்சென்று, வாலை விழுங்கி, "உள்ளேன் டீச்ச" என்றாள்.

ஹால் அதிர்ந்தது. "அடிப்பாவி, அப்படியே இருக்குடி!" "ரேடியோ இன்னும் ரிப்பேர் ஆகல!" பல் டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாலு பேர் கத்தினார்கள்.

குருவி சிரிக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தாள், ரேடியோவின் வாயைப் பார்த்தாள். மெதுவாகப் பதிவேட்டை மூடி லீடரிடம் நீட்டினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வா" என்றாள். "அம்மாகிட்ட வந்து சொல்லு."

ஆட்டோ குருவியின் வீட்டு வாசலில் நின்றது. வழக்கமாக இறங்கும்போது குருவி தோளைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குக் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

அம்மா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து கடைக்கு வந்த பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவி, இரண்டு ஓட்டை ஒரு டப்பாவில், நாலு ஓட்டை ஒரு டப்பாவில் என்று போடுவாள். ஒன்றுகூட மாறாது.

"யாரு, ரேடியோவா? இன்னைக்கு சனிக்கிழமைதானே? வா கண்ணு, உக்காரு."

உட்காராமலே ரேடியோ சொன்னாள். அன்றைக்கு குருவி பள்ளிக்கு வரவில்லை, அவளுக்காகக் குரல் கொடுத்தது நான்தான் என்று, திக்கித் திணறி, முப்பத்தெட்டு வருடத்தை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

அம்மா பட்டனை நிறுத்தவில்லை. "இவ சொல்லச் சொன்னாளா?" என்றாள்.

"இல்லம்மா, நெசமாத்தான்..."

"எனக்குக் காது குத்தாத. நீ இவளுக்காக என்ன வேணா செய்வன்னு எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவ செய்வாளா நீ செஞ்சதை? பாவம், கடைசி காலத்துல இவ பேரைக் காப்பாத்த உன் தலையில பழியைத் தூக்கிப் போட்டுக்கற. நீ நல்லவ. விடு."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து வந்து அவள் வாயை அடைத்தன. அவளுக்கு அழுகை வந்தது. இனி என்ன சொன்னால் இந்த அம்மா நம்புவாள்?

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற குருவி, "ஹால்ல சொல்லிக் காட்டினியே. அம்மாகிட்டயும் அதே மாதிரி சொல்லு" என்றாள். அந்தக் குரலில் சிநேகம் இல்லை.

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ளேன் டீச்ச" என்றாள்.

அம்மாவின் விரல்கள் நின்றன. பூ விழுந்த கண்களை ரேடியோ இருந்த பக்கம் திருப்பினாள். தன் பதினைந்து வயது மகளின் குரல், மகள் இல்லாத பக்கத்திலிருந்து வந்ததை அவள் கேட்டாள். கையிலிருந்த பட்டன் நாலு ஓட்டைக்காரன். அதை இரண்டு ஓட்டை டப்பாவில் போட்டாள்.

டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "நான் வந்தேனே, பதினொரு மணிக்கு. அப்ப நீ எங்க இருந்த?"

இந்தக் கேள்விக்குத்தான் ரேடியோ வாழ்நாள் முழுக்கப் பயந்திருந்தாள். "ஜன்னல் பக்கம். நீங்க ஆபீஸ் வாசல்ல நின்னதைப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"உக்காந்திருந்தேன். சொன்னா அடி விழும், விளையாட்டு மணி போயிடும்னு..."

"விளையாடினியா?"

"விளையாடினேன்."

அம்மா அவளைத் திட்டவில்லை. அவளை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அதன்பிறகு அந்த அறையில் ரேடியோ என்று ஒருத்தி இருப்பதாகவே அம்மா காட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டி, காற்றில் துழாவி, "நீ எங்கடி இருக்க?" என்றாள். குருவி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை அவள் முகத்தைத் தொட்டு, தோளைத் தொட்டு, கீழே இறங்கிக் குட்டையான அந்தக் காலின் மேல் போய் நின்றது. இத்தனை வருடத்தில் அந்தக் காலை அம்மா ஒருநாளும் தொட்டதில்லை.

"காலையில இருந்தா அங்க கெடந்த?"

"ஆமாம்மா."

"பாலத்து மேலதானேடி நடந்து வந்தேன். நோட்டைக் கையில வச்சுக்கிட்டு. திரும்பியும் அதே வழியாத்தானே போனேன்." அம்மா மகள் பக்கம் குனிந்தாள். "என்னைக் கூப்பிட்டியா? சத்தம் போட்டியா? எனக்குக் கேக்கலையா?"

ரேடியோ குருவியைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள் குருவி. "விழுந்ததுமே மயக்கம். ஆளுங்க தூக்கினப்பதான் கண்ணு முழிச்சேன்."

"செருப்புச் சத்தம்கூட?"

"ஒண்ணுமே கேக்கலம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

உண்மையைச் சொல்லியே முப்பத்தெட்டு வருடம் பொய்க்காரி என்று பேர் வாங்கியவள், அந்தப் பேர் போன ஐந்தாவது நிமிடம் அம்மாவிடம் தன் முதல் பொய்யைச் சொன்னாள். அம்மா அதை உடனே நம்பினாள். மகளின் காலைக் கட்டிக்கொண்டு, "நீ பொய் சொல்லலடி, நீ பொய் சொல்லல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ரேடியோ முன்னறைக்கு வந்து, ஜிப்புகளும் பேண்ட்டுகளும் தொங்கிய கொடிக்கு நடுவே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே அழுகை ஓய்ந்தபிறகு, கனத்த செருப்பின் சத்தம் வந்தது. குருவி கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு வராத."

"அடுத்த வாரம்?"

"தெரியல. நீ என் மேல பிரியமா வந்தியா, பயந்து வந்தியான்னு நான் முதல்லேந்து யோசிக்கணும். அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு எனக்குத் தெரியல."

பிரியமாகத்தான் என்று சொல்ல ரேடியோவுக்கு வாய்வரை வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் இன்றைக்கு அவள் சொல்லி யார் நம்புவது? குடையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் குருவி. குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் செருப்புச் சத்தம். அது உனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்காம இருக்கறது உனக்குக் கைவந்த கலைதானே? இதுக்கும் திறக்காத."

ரேடியோ தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து அம்மா மகளைக் கூப்பிட்டாள். "இதோ வரேம்மா, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே குருவி கதவைச் சாத்தினாள்.